வாசல் தாத்தாவின் இரட்டை வேடம்

அமெரிக்காவில் இருக்கும் மகனையோ மகளையோ பார்க்கப் போகும் நம்மூர்ப் பெற்றோர், போய் இறங்கிய வாரமே தரிசித்துவிடும் இடங்கள் இரண்டு. ஒன்று பெருமாள் கோயில், இன்னொன்று வால்மார்ட். எது முதலில் என்பது வீட்டுக்கு வீடு மாறும். சில ஆண்டுகளுக்கு முன்புவரை, தானாகத் திறக்கும் அந்தக் கண்ணாடிக் கதவைத் தாண்டியதும் நீல வெஸ்ட் மாட்டிய ஒரு தாத்தாவோ பாட்டியோ முகமெல்லாம் பல்லாக, "ஹலோ! வெல்கம் டு வால்மார்ட்!" என்பார். அம்மாவுக்குப் புல்லரித்துவிடும்.

"யாருடா அது, உனக்குத் தெரிஞ்சவரா?"

"இல்லம்மா, வர்ற எல்லாருக்கும் அப்படித்தான் சொல்வாங்க. அதுதான் அவர் வேலை."

"வாங்கன்னு சொல்றதுக்கு ஒரு சம்பளமா!"

அம்மாவின் அந்த ஆச்சரியத்தைச் சாதாரணமாக எண்ணிவிட வேண்டாம். வால்மார்ட்டின் சொந்த மேலாளர்களே ஒன்றரை வருடம் இதையே கேட்டுப் புலம்பியிருக்கிறார்கள். பைசா பைசாவாகக் கணக்குப் பார்த்து விலையைக் குறைக்கிற கடை, வாசலில் ஒருவரைச் சும்மா நிறுத்திவைத்துக் கூலி கொடுக்குமா? கொடுக்காது. அப்படியென்றால் 'க்ரீட்டர்' என்ற பட்டத்தோடு தாத்தா அங்கே என்னதான் செய்கிறார்? வாருங்கள், பின்கட்டு வழியாக நுழைந்து எட்டிப் பார்ப்போம்.

கதை தொடங்குவது 1980இல், லூசியானா மாநிலத்துக் க்ரௌலியில். சுற்றிலும் நெல்வயல்கள், 'அமெரிக்காவின் அரிசித் தலைநகர்' என்று தனக்குத்தானே பட்டம் சூட்டிக்கொண்ட சிற்றூர். (வாசலில் நின்று 'வாங்க' சொல்லும் வழக்கம் சோறு விளையும் ஊரில் பிறந்ததில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.) வால்மார்ட் நிறுவனர் சாம் வால்டனுக்கு ஒரு பழக்கம் உண்டு. தன் சின்ன விமானத்தைத் தானே ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்த் தன் கடைகளுக்குள் தலையை நீட்டுவார். அன்று அவரோடு டாம் கஃப்லின் என்ற அதிகாரியும் வந்திருந்தார். இந்தப் பெயரை மறந்துவிடாதீர்கள், பின்னால் வம்பு இருக்கிறது.

கதவைத் திறந்ததும் ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார். கஃப்லினை அவருக்கு அடையாளம் தெரியாது. கூட வந்த முதலாளியை அவர் கவனிக்கவே இல்லை. யாரோ வாடிக்கையாளர் என்று நினைத்து, வந்ததில் சந்தோஷம், கடையைப் பற்றி ஏதாவது தெரிய வேண்டுமென்றால் கேளுங்கள் என்று அன்பொழுகப் பேசினார். வால்டன் அசந்துபோனார். அப்புறம் விசாரித்தால் விஷயம் வெளியே வருகிறது. அந்தக் கடையில் திருட்டுத் தொல்லை. சாமானை எடுத்துக்கொண்டு வந்த வழியே நடையைக் கட்டுகிறவர்கள் அதிகம். கடை மேலாளர் டான் மெக்அலிஸ்டர் பழங்காலத்து வியாபாரி. வாசலில் ஒரு காவலாளியை விறைப்பாக நிறுத்தினால் யோக்கியமாக வருகிறவர்களும் முகம் சுளிப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். அதனால் சிரித்த முகத்தோடு ஒரு பெரியவரை நிறுத்தினார். நல்லவருக்கு அது வரவேற்பு. கெட்ட எண்ணத்தோடு வந்தவருக்கு, 'உன் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டார்' என்ற தகவல்.

ஆக, வாசல் தாத்தா பிறவியிலேயே உளவாளி! ஒரே சம்பளத்தில் இரண்டு ஆள்!

வால்டன் தலைமையகமான பென்டன்வில்லுக்குத் திரும்பினார். எல்லாக் கடையிலும் இப்படி ஒருவர் நிற்க வேண்டும் என்றார். அப்போது நிறுவனத்துக்கு 276 கடைகள். 276 வாசல், 276 சம்பளம். முதலாளிக்கு மூளை குழம்பிவிட்டது என்றே பலரும் நினைத்தார்கள். வால்டன் விடவில்லை. வாராவாரம் கூட்டத்தில் அதே பேச்சு. எந்தக் கடைக்குப் போனாலும் வாசலில் ஆள் இல்லையென்றால் ஒரே ரகளை. ஒன்றரை வருடம் கழித்துத்தான் எதிர்ப்பு அடங்கியது. 1989இல் அவர் இல்லினாயில் ஒரு கேமார்ட் கடைக்குள் நுழைகிறார். வாசலில் ஓர் ஆள் நின்று வரவேற்கிறார்! பரம எதிரியே காப்பியடித்துவிட்டான் என்பதைவிட ஒரு வியாபாரிக்கு வேறென்ன விருது வேண்டும்? 1962இல் வால்மார்ட் பிறந்த அதே ஆண்டில் பிறந்த கேமார்ட்டுக்கு அமெரிக்கப் பெருநிலப்பரப்பில் மிஞ்சியிருந்த கடைசி முழு அளவுக் கடையும் 2024 அக்டோபரில் மூடப்பட்டது. வரவேற்பு மட்டும் போதாது போலிருக்கிறது.

இந்த ரகசியம் சரியாகப் புரிய வேண்டுமென்றால், வாசலில் ஓர் ஆள் ஏன் தேவைப்பட்டார் என்பதற்கு இன்னும் பின்னால் போக வேண்டும். 1916வரை அமெரிக்க மளிகைக் கடையும் நம் அண்ணாச்சி கடை மாதிரிதான். நீங்கள் பட்டியலைச் சொல்வீர்கள், கடைக்காரர் எடுத்துத் தருவார். அந்த ஆண்டு மெம்ஃபிஸ் நகரில் க்ளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் 'பிக்லி விக்லி' என்று ஒரு கடை திறந்தார். சுழல்கதவைத் தள்ளிக்கொண்டு நுழையுங்கள், கூடையை எடுங்கள், வேண்டியதை நீங்களே பொறுக்கிக்கொள்ளுங்கள், கடைசியில் காசு கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார். கடை ஆட்கள் குறைந்தார்கள், செலவு குறைந்தது, விலையும் குறைந்தது. மலிவு விலைக் கடைகளின் மொத்த சாமர்த்தியமும் இதற்குள் அடக்கம்: கடைக்காரர் செய்த வேலையை வாடிக்கையாளர் தலையில் கட்டிவிட்டு, அதற்குக் கூலியாகக் கொஞ்சம் விலையைக் குறைப்பது. ஆனால் கடைக்காரர் போனபோது அவருடைய வாயும் கண்ணும் சேர்ந்து போய்விட்டன. 'என்னம்மா, பையன் ஊரிலிருந்து வந்துட்டானா' என்று கேட்கும் வாய். முந்திரிப் பொட்டலம் பைக்குள் போகிறதா என்று பார்க்கும் கண். வாசல் தாத்தா அந்த இரண்டையும் சல்லிசாகத் திருப்பிக் கொண்டுவந்தார். மெக்அலிஸ்டர் இதையெல்லாம் யோசித்திருப்பாரா? அவர் பாட்டுக்குச் சரக்கைக் காப்பாற்றினார்.

சரி, இப்போது பின்கட்டுக்குள் வாருங்கள். சுத்தமாக ஒரு தனி உலகம் இது. இங்கே யாரும் 'ஊழியர்' கிடையாது. எல்லாரும் 'அசோசியேட்', அதாவது பங்காளி. வால்டன் இளமையில் ஜே. சி. பென்னி கடையில் வேலை பார்த்தபோது பொறுக்கிக்கொண்ட பழக்கம் அது. 'திருட்டு' என்ற வார்த்தையும் அநாகரிகம், 'ஷ்ரிங்க்' என்பார்கள். சரக்கு சுருங்கிப் போகிறதாம், துவைத்த சட்டை மாதிரி! இந்தச் சுருக்கத்துக்குக் காரணங்கள் மூன்று: வெளியே இருந்து வருபவர் எடுப்பது, உள்ளே இருப்பவர் எடுப்பது, கணக்கில் தப்பு. வால்டன் ஒரு திட்டம் போட்டார். சுருக்கத்தை இலக்குக்குள் வைத்திருக்கும் கடையில், ஒவ்வொரு பங்காளிக்கும் ஆண்டுக்கு 200 டாலர்வரை போனஸ். அப்புறம் யாருக்குத்தான் கண் கூர்மையாகாது? தாத்தாவின் அந்தப் பளீர்ச் சிரிப்பில் ஒரு ஓரம் 200 டாலரும் மின்னியது என்று சொன்னால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

'உள்ளே இருப்பவர்' என்றதும் அந்த வம்பு ஞாபகம் வருகிறது. க்ரௌலியில் முதலாளியோடு நுழைந்த டாம் கஃப்லின், பாதுகாப்புப் பிரிவில் தொடங்கிப் படிப்படியாக ஏறி நிறுவனத்தின் துணைத் தலைவராகவே ஆனவர். 2006இல் அவர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்: கம்பெனியின் பரிசு அட்டைகளையும் பணத்தையும் பொய்க் கணக்கு காட்டிச் சொந்தச் செலவுக்குப் பயன்படுத்திய மோசடி, கூடவே வரி ஏய்ப்பு. தண்டனை 27 மாத வீட்டுக் காவல். வேலியே பயிரை மேய்ந்ததற்கு இதைவிட எடுப்பான உதாரணம் சில்லறை வணிக வரலாற்றில் கிடைக்காது. வாசலில் தாத்தா கவனமாகத்தான் நின்றார். அவரைத் தாண்டிப் போகாத சாமானை அவர் எப்படிப் பிடிப்பார், பாவம்!

காலைக் கூட்டம் தொடங்குகிறது, ஒதுங்கி நில்லுங்கள். எல்லாரும் வட்டமாக நின்று உரக்கக் கத்தப் போகிறார்கள். "கிவ் மீ எ டபிள்யூ!" "டபிள்யூ!" இப்படியே எழுத்து எழுத்தாக. பழைய பெயரில் வாலுக்கும் மார்ட்டுக்கும் நடுவே ஒரு சின்னக் கோடு இருந்தது. அந்த இடம் வந்ததும் "கிவ் மீ எ ஸ்க்விக்ளி!" என்பார்கள். மேலாளர் முதல் துப்புரவுப் பணியாளர்வரை அத்தனை பேரும் இடுப்பை ஒரு ஆட்டு ஆட்ட வேண்டும். 1975இல் தென்கொரியாவுக்குப் போன வால்டன், ஒரு டென்னிஸ் பந்துத் தொழிற்சாலையில் தொழிலாளர்கள் சேர்ந்து கோஷம் போடுவதைப் பார்த்து மயங்கிக் கொண்டுவந்த சீதனம் இது. 2008இல் புது லோகோ வந்தபோது அந்தக் கோடே காணாமல் போனது. அப்புறம் இடுப்புக்கு என்ன வேலை என்று கேட்டுவிடாதீர்கள். ஆட்டத்துக்கு முதலாளியும் விலக்கல்ல. லாபம் இவ்வளவு வராது என்று பந்தயம் கட்டித் தோற்ற வால்டன், 1984இல் நியூயார்க் வால் ஸ்ட்ரீட்டில் புல் பாவாடை கட்டி ஹூலா நடனம் ஆடினார். நிஜமாக!

'பத்தடி விதி' என்று இன்னொன்றும் உண்டு. வாடிக்கையாளர் பத்தடிக்குள் வந்தால் கண்ணைப் பார், வணக்கம் சொல், என்ன வேண்டுமென்று கேள். இதைப் பங்காளிகள் வலக்கையை உயர்த்திச் சத்தியம் செய்து ஏற்றுக்கொள்ள வேண்டும். பத்தடிக்குள் வந்து கேட்டால் திருடனும் கூச்சப்படுவான் என்ற கணக்கையும் சேர்த்துப் படியுங்கள்.

வாசலிலோ வேலை ஓயாது. 'சும்மா நிற்பவர்' என்று நாம் நினைத்தவர் செய்வதைப் பாருங்கள். தள்ளுவண்டி ஒன்றை உருவிக் கையில் கொடுக்கிறார். குழந்தையின் சட்டையில் மஞ்சள் சிரிப்பு முக ஸ்டிக்கர் ஒட்டுகிறார். பொருளைத் திருப்பிக் கொடுக்க வருகிறவரிடம் அதை வாங்கிப் பார்த்து, 'இது வெளியிலிருந்து வந்தது' என்பதற்கு அடையாளமாக ஓர் ஒட்டு ஒட்டி அனுப்புகிறார். இல்லாவிட்டால் உள்ளே அலமாரியிலிருந்து எடுத்ததையே கவுன்டரில் நீட்டிக் காசு கேட்கிற கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். அலாரம் அலறினால், 'கேஷியர் டேக் எடுக்க மறந்திருப்பார்' என்று சிரித்துக்கொண்டே பில்லைக் கேட்கிறார். அந்தப் பொய் எத்தனை நாசூக்கு! திருட்டைக் கண்டுபிடித்துவிட்டாலும் ஓடுகிறவரைத் துரத்தக்கூடாது, கை வைக்கக்கூடாது என்பது விதி. எழுபது வயதுத் தாத்தாவைத் துரத்தவிட்டு வழக்கு வாங்க எந்தக் கம்பெனி விரும்பும்?

வேவு பார்க்கத் தொடங்கிய இந்த வேலையில் ஒரு விசித்திரம் நடந்தது. அதற்கு வந்தவர்கள் உளவாளி பாதியை மறந்துவிட்டு வரவேற்கும் பாதியை நிஜமாகவே நேசித்துவிட்டார்கள். ஓய்வூதியம் பற்றாமல் வந்தவர்கள், துணையை இழந்து வீட்டில் தனியாக இருக்கப் பிடிக்காதவர்கள், சக்கர நாற்காலியில் இருப்பவர்கள், மூளை முடக்குவாதத்தோடு பிறந்தவர்கள். வேறெங்கும் வேலை கிடைக்காத பலருக்கு இந்த வாசல் திறந்தது. ஊரில் யார் வீட்டில் குழந்தை பிறந்தது, யாருக்கு அறுவை சிகிச்சை என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. என்னைக் கேட்டால், வால்மார்ட் தெரியாமல் செய்த நல்ல காரியங்களில் இதுதான் முதலிடம்.

ஆனால் இந்த மந்திரம் எல்லா ஊரிலும் பலிக்கவில்லை. 1997இல் ஜெர்மனிக்குள் நுழைந்த வால்மார்ட், சிரிப்பு, வரவேற்பு, காலைக் கோஷம் எல்லாவற்றையும் பெட்டி கட்டிக்கொண்டு போனது. ஜெர்மானியர்கள் மிரண்டுபோனார்கள். முன்பின் தெரியாத பெண் சிரிக்கிறாளே என்று சில ஆண்கள் வேறு மாதிரி அர்த்தம் எடுத்துக்கொள்ள, சிரிக்க வேண்டும் என்ற கட்டாயத்தையே கடைசியில் கைவிட்டார்கள். இதற்கு நேர்மாறாக இன்னொரு கூத்து. பணியாளர்களுக்குள் காதல் கூடாது என்று நிறுவனம் நடத்தை விதி போட, 2005இல் வுப்பர்டால் நகரத் தொழிலாளர் நீதிமன்றம் அதெல்லாம் செல்லாது என்றது. வாடிக்கையாளரைப் பார்த்துச் சிரி, பக்கத்து சீட்டைப் பார்த்துச் சிரிக்காதே என்றால் மனிதன் என்ன செய்வான்? ஜெர்மானியர்களிடம் ஏற்கெனவே ஆல்டி என்ற மலிவு விலைக் கடை இருந்தது. யாரும் வரவேற்க மாட்டார்கள், கேஷியர் உட்கார்ந்தபடியே மின்னல் வேகத்தில் பில் போடுவார், தள்ளுவண்டிக்கே நாணயம் போட வேண்டும், விலை அடிமட்டம். அதுவே அவர்களுக்கு மரியாதை. 2006இல் வால்மார்ட் தன் 85 கடைகளையும் மெட்ரோ நிறுவனத்திடம் விற்றுவிட்டு ஊர் திரும்பியது.

அமெரிக்காவிலும் தாத்தாவுக்கு நாற்காலி ஆட ஆரம்பித்தது. (நாற்காலியே கிடையாது என்பது வேறு விஷயம்.) 2012இல் அவரைக் கதவருகிலிருந்து கடைக்குள்ளே தள்ளி நிறுத்தினார்கள், இரவு நேரத்து வரவேற்பாளர்களை அடியோடு எடுத்துவிட்டார்கள். வாசல் வெறிச்சோடியது. சரக்கு சுருங்கியது. 2016இல், 'தப்பு, தப்பு' என்று மறுபடி முன்வாசலுக்கே கூட்டி வந்தார்கள். ஆனால் திருட்டு அதிகம் உள்ள கடைகளில் வந்தவர் பழைய தாத்தா இல்லை. 'கஸ்டமர் ஹோஸ்ட்' என்ற புதுப் பட்டம், கண்ணைப் பறிக்கும் மஞ்சள் வெஸ்ட், பில் சோதனை. இத்தனை காலம் சிரிப்புக்குள் ஒளிந்திருந்த காவலாளி மேடைக்கு வந்துவிட்டார்.

2019 தொடக்கத்தில் சுமார் ஆயிரம் கடைகளின் வரவேற்பாளர்களுக்கு ஒரு செய்தி வந்தது. ஏப்ரல் 25 முதல் உங்கள் வேலை இருக்காது. புது 'ஹோஸ்ட்' வேலை வேண்டுமென்றால் 25 பவுண்டு, அதாவது பதினோரு கிலோவுக்கு மேல் தூக்க வேண்டும், ஏணி ஏற வேண்டும், நெடுநேரம் நிற்க வேண்டும். சக்கர நாற்காலியில் இருப்பவரிடம் ஏணி! எந்த ஏசி அறையில் உட்கார்ந்து இதை எழுதினார்களோ தெரியாது, ஊர் சனம் கொதித்துவிட்டது. கையெழுத்து இயக்கங்கள், தொலைக்காட்சிச் செய்திகள், எங்கள் ஆளை எடுத்தால் நாங்கள் வரமாட்டோம் என்ற மிரட்டல்கள். அப்போதைய அமெரிக்கப் பிரிவுத் தலைவர் க்ரெக் ஃபோரன் எல்லாக் கடைகளுக்கும் கடிதம் எழுதி, மாற்றுத்திறனாளிகளுக்கு வேறு பொருத்தமான வேலை தேட முயற்சி எடுப்போம், அதுவரை கெடு நீட்டிப்பு என்று இறங்கி வந்தார். சிலர் தானே பில் போடும் இயந்திரங்களுக்குப் பக்கத்தில் உதவியாளராக நின்றார்கள். அந்த வேலைக்கும் அவர்கள் சிரிப்பையே கொண்டுபோனார்கள். என்ன, எதிரே இயந்திரம்.

அடுத்த வருடமே கொரோனா வந்து, வாசலில் ஆள் இல்லாமல் ஆகாது என்று காட்டியது. 2020 ஏப்ரலில் ஆயிரம் சதுர அடிக்கு ஐந்து பேருக்கு மேல் உள்ளே கூடாது என்று தலை எண்ணி விட்டார்கள். ஜூலையில் முகக்கவசம் கட்டாயமானதும் கறுப்புச் சட்டை போட்ட 'ஹெல்த் அம்பாசிடர்' வாசலில் வந்து நின்றார். தூதர் பதவி! முகக்கவசம் போடமாட்டேன் என்று அடம்பிடிக்கிறவரிடம் இதமாகப் பேசும் வேலைக்கு அந்தப் பட்டம் கொஞ்சமும் அதிகமில்லை.

இப்போது கூத்து உச்சத்தில் இருக்கிறது. ஷாம்பூ, ரேஸர், டியோடரன்ட் எல்லாம் பல கடைகளில் பூட்டிய கண்ணாடிக்குள். மணியை அழுத்திவிட்டுக் காத்திருந்தால், சாவிக்கொத்தோடு ஒருவர் வந்து எடுத்துத் தருவார். 1916இல் சாண்டர்ஸ் ஒழித்த அதே 'எடுத்துத் தரும்' கடை, பூட்டு வைத்துத் திரும்பிவிட்டது! இருபதாயிரம் கிளைகள் வரை பரவிய டாலர் ஜெனரல் கதை இன்னும் ருசி. ஒரு கடையில் ஒரே நேரத்தில் இரண்டு, மூன்று பேர்தான் வேலையில் இருப்பார்கள். சரக்கு அடுக்குபவரே கல்லாவுக்கு ஓடுவார், அவரேதான் வரவேற்பும். அந்த ஆள் பற்றாக்குறையைச் சமாளிக்கத் தானியங்கி பில் இயந்திரங்களைக் கொண்டுவந்தார்கள். சரக்கு சுருங்கியது. 2024இல் ஆயிரக்கணக்கான கடைகளில் அவற்றை நிறுத்தியோ குறைத்தோ, முன்பக்கம் மனிதர் நிற்க வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். டார்கெட் என்ற இன்னொரு கடைத்தொடர் அதே ஆண்டில் பத்துப் பொருளுக்கு மேல் இயந்திரத்தில் பில் போடக்கூடாது என்றது.

வால்மார்ட்டின் சொந்தப் பிள்ளையான, உறுப்பினர்களுக்கான கடை சாம்ஸ் கிளப் எதிர்த்திசையில் ஓடுகிறது. அங்கே முன்பெல்லாம் வெளியேறும் வழியில் பில்லை வாங்கி, கூடையைப் பார்த்து, கோடு கிழிக்கிற ஒருவர் நிற்பார், எப்போதும் வரிசை. 2024 ஜனவரியில் அவர்கள் அறிவித்தது, கேமராக்கள் பொருத்திய ஒரு நீல வளைவு. நீங்கள் பாட்டுக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு அதன் அடியில் போனால் போதும். கூடையில் இருப்பதும் காசு கொடுத்ததும் ஒன்றுதானா என்று செயற்கை நுண்ணறிவு பார்த்துக்கொள்ளும். அந்த ஆளுக்கு இனி என்ன வேலை என்று கேட்டால், உறுப்பினர்களைக் கவனித்துப் பேசுவாராம். க்ரௌலியில் பிடிப்பதற்காகச் சிரிக்க வைத்தார்கள். இங்கே சிரிக்க நேரம் கிடைக்கட்டும் என்று பிடிப்பதற்கு மெஷின் வைத்திருக்கிறார்கள்.

அடுத்த முறை அந்தப் பக்கம் போனால் ஒரு சின்ன விளையாட்டு ஆடிப் பாருங்கள். வாசலில் நிற்பவருக்கு முதலில் நீங்கள் வணக்கம் சொல்லிவிடுங்கள். பிறகு, அவர் பார்வை எங்கே போகிறது என்று கவனியுங்கள். பழைய ஆளாக இருந்தால் முகத்துக்கு வரும், பேரன் எப்படி இருக்கிறான் என்று விசாரிப்பார். புதுப் பயிற்சி பெற்றவர் என்றால், தள்ளுவண்டியின் அடித்தட்டுக்குப் போகும். பில் போட மறந்த தண்ணீர் பாட்டில் கட்டும் நாய் உணவு மூட்டையும் அங்கேதான் இருக்கும்.